கடலை வீட்டுக்குக் கொணர்ந்தோர்

கடலில் ஒரு குடம் நீரை முகந்து, பாறையிடுக்கில் பிடித்த சிறுமீன் ஒன்றையும் அதில் இட்டு, வீட்டுக்கு எடுத்துச் சென்றால் என்ன நேரும் என்பதைக் கரையோரக் கிராமத்துச் சிறுவர் அனைவரும் அறிவர். அன்று மாலை வரை மீன் நீந்தும். மறுநாட் காலை அது வயிறு மேலாக மிதக்கும். மூன்றாம் நாள் குடத்தை அண்ட முடியாது. உரோமாபுரிச் செல்வர் தம் கடலோர மாளிகைகளில் மீன் வளர்த்தனர்; ஆயினும் அவர்களுடைய குளங்களுக்குள் கடல்நீர் வாய்க்கால் வழியே வந்து போய்க்கொண்டிருந்தது. சீனர் பல நூற்றாண்டுகளாகப் பொன்மீன் வளர்த்தனர். அது நன்னீர் மீன். கடலினின்றும் துண்டித்த நீரில் கடலுயிர்களை வாழவைக்கும் வித்தை பத்தொன்பதாம் நூற்றாண்டு வரை எவருக்கும் கைவரவில்லை.

இக்காலத்திலோ, கடலைக் கண்ணாற் காணாத உள்நாட்டு ஊர்களிலும், வீட்டுக் கொட்டகையில் வாளும் திருகாணியும் கொண்டு ஒட்டுப்பலகையால் பெருந்தொட்டி செய்து, ஒரு பக்கத்துக்கு மட்டும் கண்ணாடி பொருத்தி, அதனுள் உயிருள்ள முருகைக் கற்பாறை ஒன்றை வளர்ப்போர் பலர் உளர். அமெரிக்காவிலும் ஐரோப்பாவிலும் இது ஒரு பெரும் பொழுதுபோக்கு. அத்தகைய தொட்டி ஒன்றுக்குப் பின்னால் ஏறத்தாழ இருநூறு ஆண்டு வரலாறு உண்டு. அவ்வரலாற்றின் சிறப்பு யாதெனின், அதன் முக்கியமான படிகளிற் பலவற்றைப் பல்கலைக்கழகங்கள் கட்டவில்லை. தையற்காரி ஒருத்தியும், பாதிரியார் ஒருவரின் மனைவியும், கடைக்காரர் ஒருவரும், யகார்த்தாவிலே மீன் வளர்த்த ஒருவரும் கட்டினர்.

அத்தையற்காரியின் பெயர் ஜான் வில்ப்பிறே. 1794இல் பிரான்சு நாட்டுக் கிராமம் ஒன்றிலே பிறந்தவர். இளவயதில் பாரிசுக்குச் சென்று தையற் தொழில் பயின்றார். 1816இல் அரசகுமாரி ஒருத்தியின் திருமண உடைக்குப் பூவேலை செய்து பேர் பெற்றார். பின்னர் ஜேம்ஸ் பவர் என்னும் ஆங்கில வணிகரை மணந்து, சிசிலித் தீவின் மெசீனா நகரிலே குடியேறினார். அங்கே அவர் மனத்தைக் கவர்ந்தது ஆர்கோனாட் என்னும் உயிர். எட்டுக் கரங்களையுடைய கணவாய் இனத்தைச் சேர்ந்த அவ்வுயிரின் பெண் மெல்லிய வெண்ணிற ஓட்டினுள் வாழும். அவ்வோட்டை அது தானே செய்கின்றதா, அல்லது நண்டு பிறிதோர் ஓட்டிற் குடிபுகுவதுபோல இரவல் வாங்குகின்றதா என்பது அக்கால அறிஞரிடையே பெரிய வழக்கு. அவ்வழக்கைத் தீர்ப்பதற்காகப் பவர் அம்மையார் 1832இல் கண்ணாடித் தொட்டிகளையும், கடலில் அமிழ்த்தும் கூடுகளையும் செய்வித்தார். ஓட்டை உடைத்துப் பார்த்தார். ஆர்கோனாட் உடைந்த இடத்தைத் தானே அடைத்துக்கொண்டது. முட்டையிலிருந்து வெளிவந்த குஞ்சுகளுக்கு ஓடு இல்லை என்பதையும், பின்னரே அது வளர்கின்றது என்பதையும் கண்டார். வழக்குத் தீர்ந்தது. எனினும் மெசீனாத் துறைமுகம் அவர் வாசலில் இருந்தது. வேண்டியபோது புதுநீர் மொள்ள முடிந்தது. கடலை விட்டுத் தொலைவிலே அவ்வாறு செய்தல் கூடுமா என்ற வினா எஞ்சி நின்றது.

அவ்வினாவுக்கு விடை கண்டவர் அன்னா தின் என்னும் அம்மையார். அவருடைய கணவர் இலண்டன் வெஸ்ட்மின்ஸ்டர் பேராலயத்தில் உயர்பதவி வகித்த குருவானவர். 1846இல் அம்மையார் இங்கிலாந்தின் தென்மேற்குக் கரையிலுள்ள தோர்க்கீ என்னும் ஊருக்குச் சென்றிருந்தபோது, பாறையில் ஒட்டி வாழும் சிறு பவள உயிர்களைக் கண்டு வியந்தார். அவற்றை இலண்டனுக்குக் கொண்டுவர விரும்பினார். வழியிற் சாடிக்குள் அவை உருண்டு நசுங்காதிருக்க அவர் கண்ட உபாயம் பெண்ணறிவுக்கே உரியது: ஊசியும் நூலும் எடுத்து, ஒவ்வொரு பவளத்தையும் ஒரு பெரிய கடற்பஞ்சிலே தைத்துவிட்டார்.

இலண்டன் சேர்ந்த பின்னரே உண்மையான தொல்லை தொடங்கிற்று. முதலிற் கடற்கரையிலிருந்து நீர் தருவித்து மாற்றினார். அது எப்போதும் கைகூடவில்லை. ஆகவே, இருந்த நீரையே திறந்த சாளரத்தின் முன் ஒரு பாத்திரத்திலிருந்து மற்றொரு பாத்திரத்துக்கு மாறி மாறி ஊற்றச் செய்தார். தேநீர்க் கடையிலே தேநீர் ஆற்றுவதைக் கண்டவர்க்கு இக்காட்சியை மனத்தில் இருத்துதல் எளிது. நாள்தோறும் அரைமணி நேரத்துக்கும் மேலாக நடந்த இவ்வேலை உண்மையிலே வீட்டு வேலைக்காரப் பெண்ணின் தோளில் விழுந்தது. அப்பெண்ணின் பெயரை வரலாறு காத்து வைக்கவில்லை. கடலை விட்டுத் தொலைவிலே, உள்நாட்டு வீடொன்றில், முதன்முதற் கடற்பவளங்களை மூச்சுவிடச் செய்தவை அவளுடைய கைகளே. மறு ஆண்டில் அம்மையார் கடற்பாசிகளையும் தொட்டியில் இட்டார். பாசி பகலொளியில் பிராணவாயுவை வெளிவிட்டது. பவளங்கள் அதனை நுகர்ந்தன. நீர் மாற்றாமலே அவ்வுயிர்கள் ஆண்டுக்கணக்கில் வாழ்ந்தன, குஞ்சும் பொரித்தன. அம்மையார் இவற்றை உடனே வெளியிட்டாரல்லர். அவருடைய குறிப்புகள் 1859இலேயே அச்சேறின.

அதற்குள் புகழ் வேறிடம் சென்றிருந்தது. இரசாயன அறிஞர் றொபேட் வாறிங்டன் 1850இல் தம் சோதனையை வெளியிட்டார். பன்னிரண்டு கலன் நன்னீர், இரண்டு பொன்மீன், நீர்க்கொடி சிறிது. சில நாளிற் கொடியின் அழுகல் நீரைக் கலக்கிற்று. குளத்து நத்தைகளை விட்டார். அவை அழுகலைத் தின்றன. நத்தை முட்டைகளை மீன் தின்றது. மீன், கொடி, நத்தை ஆகிய மூன்றும் ஒன்றையொன்று தாங்கி நின்றன. தாவரத்துக்குச் செய்யப்பட்ட கண்ணாடிப் பெட்டி இதற்குமுன்பே உண்டு. நதானியேல் வாட் என்னும் இலண்டன் வைத்தியர் கண்ட அப்பெட்டியிலேதான் 1876இல் றப்பர் நாற்றுகள் கியூ பூங்காவிலிருந்து கப்பலேறி இலங்கையை வந்தடைந்தன. இங்கிலாந்தில் கண்ணாடி மீதான வரி 1845இல் நீக்கப்பட்டிராவிடில் இப்பெட்டிகள் எல்லாம் பிரபுக்களின் மாளிகையை விட்டு வெளியே வந்திரா என்பதையும் ஈண்டு நினைவுகூர்தல் தகும்.

1853ஆம் ஆண்டு மே மாதத்தில் இலண்டன் விலங்கியற் பூங்காவிலே உலகின் முதலாவது பொது மீன்காட்சிச்சாலை திறக்கப்பட்டது. அதற்கு உயிர்கள் சேகரித்துக் கொடுத்தவர்களில் முதன்மையானவர் பிலிப் ஹென்றி கொஸ். மறு ஆண்டில் அவர் எழுதிய ‘அக்குவேரியம்’ என்னும் நூல் ஆங்கில நாட்டையே பித்துக்கொள்ளச் செய்தது. நான்கு உப்புகளை அளவாகக் கலந்து செயற்கைக் கடல்நீர் செய்யும் முறையையும் அவர் வெளியிட்டார். புகையிரதம் அப்போதுதான் கடற்கரையெங்கும் எட்டியிருந்தது. வாளியும் உளியும் ஏந்திய நகரத்தார் கூட்டங்கூட்டமாகச் சென்று பாறைக் குளங்களைத் துழாவினர். கொண்டுசென்ற உயிர்களிற் பெரும்பாலானவை வாரத்துக்குள் மாண்டன; மீண்டும் சென்று பெயர்த்தனர். பாறையை அழகுறத் தீட்டிக்காட்டிய கொஸ் தம் வாழ்நாளிலேயே அப்பாறைகள் வெறுமையாயினமை கண்டு வருந்தினார். அவருடைய மகன் எட்மன்ட் கொஸ் 1907இல் வெளியிட்ட ‘தந்தையும் மகனும்’ என்னும் நூலிலே இதனை மறைக்காமல் எழுதியுள்ளார். ஆர்வம் தான் நேசித்ததையே அழித்தது. இந்த வடு இக்கலையின் வரலாறு முழுவதிலும் தொடர்கின்றது.

பித்து 1860களிலே தணிந்தது. தணிந்ததும் நன்மையே, ஏனெனில் உறுதியானவர் மட்டும் எஞ்சினர். அவர்களுள் ஒருவர் வில்லியம் அல்போட் லொயிட். இலண்டனிலே கடலுயிர்களையும் தொட்டிகளையும் விற்ற கடைக்காரர் இவர். தொட்டிக்குள் எல்லாவற்றையும் சமன்செய்ய முயல்வது வீண் என்று லொயிட் கண்டார். பார்ப்போர் காணும் தொட்டிகளை விடப் பன்மடங்கு பெரிய, இருண்ட நிலவறைக் கிணறு ஒன்றை அமைத்து, இரண்டுக்கும் இடையே நீரை ஓயாது ஓடச் செய்தார். 1864இல் ஜேர்மனியின் ஹம்பேர்க் நகரிலும், 1871இல் இலண்டன் பளிங்கு மாளிகையிலும் இம்முறை வெற்றி கண்டது. ஒரே கடல்நீர் ஆண்டுக்கணக்கிற் கெடாமல் சுழன்றது. அது ஏன் கெடவில்லை என்பதற்குக் காரணம் பின்னரே தெரிந்தது. உயிரினக் கழிவிலிருந்து பிறக்கும் அமோனியா கொடிய நஞ்சு. அதனை நைத்திரைற்றாகவும், அதனினும் தீமை குறைந்த நைத்திரேற்றாகவும் மாற்றும் நுண்ணுயிர்களை இரசிய நாட்டறிஞர் வினோகிறாட்ஸ்கி 1890 அளவில் கண்டுபிடித்தார். லொயிட்டின் இருண்ட கிணற்றுச் சுவர்களில் வேலை செய்தவை அவையே.

தமிழ்நாட்டிலும் இதன் சாயல் வீழ்ந்தது. 1909இல் சென்னைக் கடற்கரையிலே எட்கர் தேர்ஸ்டன் என்பவரின் முயற்சியால் மீன்காட்சிச்சாலை திறக்கப்பட்டு, இரண்டாம் உலகப்போர்க் காலம் வரை மக்களை ஈர்த்தது. ஆயினும் எங்கும் ஒரு குறை இருந்தது. மீன் வாழ்ந்தது; முருகைக் கல் வாழவில்லை. தொட்டிகளில் வைக்கப்பட்ட முருகைக் கற்கள் வெளுப்பிட்ட எலும்புகளாகவே கிடந்தன. உயிருள்ளதைக் கொண்டுவந்தால் சில வாரங்களில் அதுவும் எலும்பாயிற்று.

இக்குறையை நீக்கும் வழி காட்டியவர் யகார்த்தா நகரிலே வாழ்ந்த லீ சின் எங். அமெரிக்க மீன் வளர்ப்போர் சஞ்சிகையொன்றில் 1961இல் அவர் எழுதிய கட்டுரை, அக்காலப் பொறிகள் அனைத்தையும் ஒதுக்கித் தள்ளிற்று. வடிகட்டியில்லை. மருந்தில்லை. கடலிலிருந்து புதிதாக எடுத்த பாறைத்துண்டுகளை, அவற்றின் மேலும் உள்ளும் வாழும் புழு, பாசி, நண்டு, நுண்ணுயிர் அனைத்துடனும், ஈரம் உலராமல் தொட்டியில் அடுக்கினார். கடல்மணலும் இட்டார். ஒரு மூலையில் காற்றுக் குமிழிகள் மெல்ல எழுந்தன; சாளரம் வழியே வெயில் விழுந்தது. அத்தொட்டியில் முருகைக் கற்கள் வளர்ந்தன! கல்லே வடிகட்டி, கல்லே உணவுக் களஞ்சியம் என்பதே அவர் கண்ட உண்மை. முருகைக்கல்லின் வெளிப்புறத்துத் துளைகளிலே ஒருவகை நுண்ணுயிரும், பிராணவாயு புகாத உட்புறத்திலே வேறுவகை நுண்ணுயிரும் இருந்து கழிவைப் படிப்படியாகக் கரைத்தன. மேனாட்டார் அவர் சொல்லை உடனே ஏற்கவில்லை. வெயிலும் கடலும் வாசலிலேயே உள்ள நாட்டில் எதுவும் நடக்கும் என்று எண்ணினர் போலும்.

வெயிலைப் பற்றிய அவ்வெண்ணம் முற்றிலும் பிழையன்று. முருகை உயிரின் சதைக்குள்ளே ஒற்றைக் கலப் பாசிகள் குடியிருக்கின்றன. ஒளியிலிருந்து அவை செய்யும் உணவே முருகைக்குப் பெரும்பகுதி உணவு. மங்கிய மின்விளக்கின் கீழ் வைத்த முருகை பட்டினி கிடந்தே மாண்டது. 1970களிலும் 1980களிலும் மேற்கு ஜேர்மனியர், சிறப்பாக மேற்குப் பேளின் நகரத்தார், லீயின் உயிர்க்கல்லை எடுத்துக்கொண்டு, இல்லாத வெயிலுக்குப் பதிலாக வீதி விளக்கினும் ஒளிமிக்க உலோக ஆவி விளக்குகளைத் தொங்கவிட்டனர். நுண்குமிழிகளால் அழுக்கை நுரையாக்கி வழித்தெடுக்கும் கருவியையும் சேர்த்தனர். பீற்றர் வில்கென்ஸ் என்பவர் தெளிந்த சுண்ணாம்பு நீரைத் தொட்டியிற் சொட்டுச் சொட்டாக விடும் முறையைப் பரப்பினார். முருகை தன் எலும்பைக் கட்டச் சுண்ணம் வேண்டும். ஆகவே அது தக்க உணவு. இலங்கையின் தென்மேற்குக் கரையிலே நீண்டகாலம் முருகைக்கல்லை அகழ்ந்து சூளையிலிட்டுச் சுண்ணாம்பு நீற்றினர். அங்கே முருகை சுண்ணாம்பாயிற்று. பேளினிலே சுண்ணாம்பு முருகையாயிற்று.

இனி ஒட்டுப்பலகைக்கு வருவோம். பழைய தொட்டிகள் இரும்புச் சட்டத்திற் கண்ணாடியைப் பொருத்தி, இடுக்குகளைக் களிம்பால் அடைத்தவை. உப்புநீர் இரும்பைத் தின்றது. களிம்பு நஞ்சைக் கசியவிட்டது. 1960களில் சிலிக்கோன் பசை பரவியதும் கண்ணாடியோடு கண்ணாடியை நேரே ஒட்ட முடிந்தது. ஆனால் பெரிய தொட்டி வேண்டுவோர்க்குக் கனத்த கண்ணாடியின் விலை மலைபோல் நின்றது. அப்போது கைகொடுத்தது, தேயிலை நாட்டார் நன்கறிந்த பண்டம். தேயிலைப் பெட்டிகள் ஒட்டுப்பலகையாலேயே செய்யப்பட்டன; அதற்கெனக் காலியை அடுத்த ஜின்தோட்டையிலே தொழிற்சாலையும் நடந்தது. மெல்லிய மரத்தாள்களை, ஒன்றின் நார் நெடுக்காகவும் அடுத்ததன் நார் குறுக்காகவும் அமையுமாறு ஒட்டுவதால், அது பருமனுக்கு மிஞ்சிய வலிமை பெறுகின்றது, எளிதிற் பிளப்பதில்லை. ஆதியில் அதன் பசை ஈரத்தில் விட்டுவிடும். 1934இல் அமெரிக்காவின் வாஷிங்டன் மாநிலத்திலே நீரில் விடாத பசையுடன் ஒட்டுப்பலகை செய்யும் முறை கண்டறியப்பட்ட பின், போர்க்காலத்தில் அதனாற் படகும் விமானமும் செய்தனர். இரண்டாம் உலகப்போருக்குப் பின் எப்பொக்சிப் பிசினும் கண்ணாடி நார்த்துணியும் சந்தைக்கு வந்தன. படகு, நீரை வெளியே நிறுத்துகின்றது. தொட்டி, நீரை உள்ளே நிறுத்துகின்றது. படகு கட்டும் வித்தை அவ்வாறே தொட்டிக்கு மாறிற்று.

எட்டடி நீளமும் நான்கடி அகலமும் உடைய முழுப் பலகை ஒன்றையே அடித்தளமாக வைத்து, மூன்றடி ஆழத்துக்கு நீர் நிறைப்பதாகக் கொள்வோம். அது ஏறத்தாழ 600 கலன் நீர். நிறை இரண்டே முக்கால் தொன். வெறும் மரத்தளத்தின் மேல் இதனை ஏற்றுதல் ஆபத்து. நீரின் அழுத்தம் தொட்டியின் அகலத்தைப் பொறுத்ததன்று, ஆழத்தையே பொறுத்தது என்பது பள்ளிப் பாடம். ஆயினும் அந்த எட்டடிச் சுவர் ஒன்றின் மீது மட்டும் ஒரு தொன்னுக்கு மேற்பட்ட தள்ளுவிசை இரவும் பகலும் ஓயாது நிற்கும் என்பதைக் கணக்கிட்டுப் பார்த்தவரே தொட்டியைப் பிழையின்றிக் கட்டுவர். ஆகவே முக்கால் அங்குலக் கனமுள்ள பலகையையே தெரிவுசெய்து, பசையும் துருப்பிடியாத திருகாணியும் இட்டு மூட்டி, மேல்விளிம்பைச் சுற்றி உறுதியான சட்டம் ஒன்றை அமைப்பர். நீர் நிறைந்ததும் வெளியே பிதுங்க முயல்வது அவ்விளிம்பே. மூலைகளிற் கண்ணாடி நார்த்துணியை ஒட்டி, உட்புறமெங்கும் எப்பொக்சியைப் பலமுறை பூசி உலரவிடுவர். பூச்சில் ஊசிமுனைத் துளை ஒன்று இருப்பினும் போதும். நீர் மரத்துட் புகுந்து, ஆண்டுகள் கழித்து, வெளியே தெரியாமலே பலகையை உளுத்துவிடும்.

முன்பலகையிலே சாளரம் வெட்டியபின், கண்ணாடியை வெளிப்புறமிருந்து பொருத்தலாகாது. உட்புறத்திலிருந்து சிலிக்கோன் இட்டுச் சட்டத்தின்மேற் சாத்தவேண்டும். அப்போது ஒரு தொன் நீரும் கண்ணாடியைப் பிரித்துத் தள்ளாமல், பசையின்மேல் அழுத்திப் பிடிக்கும், பகைவனே காவலனாகின்றான். பின்னர் முற்றத்திலே நன்னீர் நிரப்பிச் சில நாட்கள் வைத்து ஒழுக்குப் பார்ப்பர். அவசரப்பட்டவர் பலர் இப்படியைத் தாண்டி, நள்ளிரவிலே தம் வீட்டுத் தரையிற் கடல் வந்து நிற்கக் கண்டதுண்டு. செம்பும் பித்தளையும் நீரைத் தொடுதல் ஆகாது. மனிதர்க்குத் தெரியாத அளவு செம்பும் முருகைக்கும் இறாலுக்கும் நஞ்சு. தொட்டியின் கீழே வேறொரு தொட்டி. மேலிருந்து வழியும் நீர் அங்கே இறங்கி, நுரை நீங்கி, சூடோ குளிர்ச்சியோ பெற்று, மீண்டும் மேலேறும். லொயிட்டின் நிலவறைக் கிணறே சிறுத்து வீட்டுக்குள் வந்துள்ளது. மரத்துக்கு இன்னொரு நன்மையும் உண்டு. அது வெப்பத்தை எளிதிற் கடத்தாது. குளிர்நாட்டிலே நீரைச் சூடாக்கும் செலவு குறைகின்றது.

தொட்டி செய்தவுடன் அதனை உயிரால் நிரப்ப விரும்புதல் மனித இயல்பு. அவ்விருப்பம் வெப்பமண்டலக் கடல்களை வருத்திற்று. பிலிப்பைன் தீவுகளிலே 1960கள் முதல் சயனைட்டு நஞ்சைப் பாறையிடுக்கிற் பீச்சி, மயங்கிய மீனைப் பிடித்தனர். மீன் சந்தைக்குச் சென்றது, அங்கிருந்த முருகை மாண்டது. இலங்கையிலே, தெகிவளை மிருகக்காட்சிச்சாலையிற் பணியாற்றிய சுழியோடி றொட்னி ஜோங்கிளாஸ் முதலானோர் வலைகொண்டு மீன்பிடித்து இவ்வேற்றுமதிக்கு வழிகோலினர். முருகைக் கற்கள் அனைத்தும் 1990இல் அருகும் உயிரினங்களின் சர்வதேச வாணிப உடன்படிக்கைக்குள் கொணரப்பட்டன. வளர்ப்போரும் வேறு வழி கண்டனர். முருகையின் கிளையொன்றை முறித்துக் கல்லில் ஒட்டினால், முருங்கைக் கொம்பு நட்டாற்போல அது தழைக்கின்றது. அயலார் ஒருவரோடொருவர் கொம்பு மாற்றிக்கொள்ளத் தொடங்கினர். எனினும், கொம்பு நட்டு வளர்ப்பது ஒரே உயிரைப் பெருக்குவதேயாகும். புதிய தலைமுறைக்கு முட்டையும் விந்தும் வேண்டும். முருகையோ ஆண்டில் ஓரிரு இரவுகளில் மட்டும், வெப்பமும் திங்களும் கூடிவரும்போது, கடலெங்கும் ஒருசேரக் கருவை விடுகின்றது.

1998இல் இந்து சமுத்திரம் அளவிறந்து சூடேறியபோது, ஹிக்கடுவை உட்பட இலங்கையின் முருகைப் பாறைகள் பல வெளுத்து மாண்டன. வெப்பம் மிகுந்தால் முருகை தன்னுள் வாழும் பாசியைத் துரத்திவிடுகின்றது. அதன்பின் அதற்கு உணவில்லை. அதுமுதல் தொட்டி வளர்ப்போரின் கைப்பழக்கம் விஞ்ஞானிகளுக்குத் தேவையாயிற்று. இலண்டனிலே தேயிலை வணிகர் பிரெடரிக் ஹோணிமன் நிறுவி 1901இல் திறந்த நூதனசாலை ஒன்றுண்டு. லொயிட்டின் பளிங்கு மாளிகை நின்ற மேட்டுக்கு இரண்டொரு மைல் தொலைவிலேயே அது உள்ளது. அங்கே மூடிய அறைத் தொட்டிகளில் ஆண்டு முழுவதற்குமான கடல்வெப்பத்தையும், பகலின் நீட்சி குறுக்கத்தையும், திங்களின் வளர்தல் தேய்தலையும் சிறு விளக்குகளால் நடித்துக் காட்டினர். முருகை அதனை நம்பிற்று. குறித்த இரவிலே கரு விட்டது. இச்செய்தி 2017இல் வெளியாயிற்று. 2019இல் அமெரிக்காவின் புளோரிடா மாநில மீன்காட்சிச்சாலையொன்று, இலண்டனாரின் துணையுடன், அத்திலாந்திக் கடலின் தூண்முருகையை அவ்வாறே கருவிடச் செய்தது. புளோரிடாக் கடலில் அவ்வினம் அப்போது அழிவின் விளிம்பில் இருந்தது.

2023ஆம் ஆண்டு யூலை மாதத்திலே புளோரிடாவின் ஆழமற்ற விரிகுடா ஒன்றில் நீரின் வெப்பம் 38 பாகையையும் தாண்டிற்று. கடலுக்குள் நாற்றுமேடை அமைத்து முருகை வளர்த்தவர்கள் படகுகளிற் சென்று, உயிர் எஞ்சிய ஆயிரக்கணக்கான துண்டுகளைக் கழற்றியெடுத்து, கரையிலுள்ள தொட்டிகளுக்குக் கொண்டுவந்தனர். கடல் ஆறும் வரை அவை அத்தொட்டிகளிலேயே விடப்பட்டிருந்தன.